பதினைந்து நாளுக்கு ஒருமுறை

பணி ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் கழித்து, போன மாதம் மறுபடியும் கோர்ட் படி ஏறினேன். இந்தத் தடவை ஊழியனாக இல்லை, ஜாமீன்தாரனாக.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரை இருபது வருடமாகத் தெரியும். கோயில் கொடையில் நடந்த அடிதடியில் அவர் மகனையும் சேர்த்து ஐந்து பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினோரு நாளில் ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் பையன் வெளியே வரவில்லை. ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"சார், நீங்க கோர்ட்டுல இருந்தவங்கதானே. ரெண்டு பேர் கையெழுத்துப் போடணுமாம். ஒண்ணு எங்க மச்சான் இருக்காரு. இன்னொருத்தர் சொத்து இருக்கிற ஆளா வேணுமாம். எனக்குத் தெரிஞ்ச சொத்துக்காரங்க எல்லாம் நமக்குத் துணி போடுறவங்கதான் சார்."

நாலு வீட்டில் கேட்டிருக்கிறார். நாலு பேரும் துணியை எண்ணிக் கொடுத்தார்களே தவிர வேறு பேசவில்லை.

வீட்டம்மாவுக்கு இஷ்டமில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் அங்க குப்பை கொட்டினது பத்தாதா? அந்தப் பையன் ஓடிட்டான்னா உங்க பென்ஷன்ல பிடிப்பாங்களா?" என்று கேட்டாள். பென்ஷனில் யாரும் கை வைக்க முடியாது, அதற்கு 1871-ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது என்று சொன்னேன். "வீட்டுல கை வைக்கலாமில்ல?" என்றாள். வைக்கலாம்தான். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இஸ்திரிக்காரர் இல்லை. 1996-ல் நடந்த ஒன்று. அதை இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது நான் தென்மாவட்டம் ஒன்றில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். ஊர்ப் பெயர் வேண்டாம். பெஞ்ச் கிளார்க் என்றால் நீதிபதிக்குக் கீழே முன்னால் உட்கார்ந்து வழக்கைக் கூப்பிடச் சொல்பவர், கட்டை எடுத்துக் கொடுப்பவர், அடுத்த தேதியை எழுதுபவர். வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு அது சின்ன நாற்காலி. வாய்தாவுக்காக அலைகிறவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய நாற்காலி என்று.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. தண்டிக்கப்படாத ஒருவரை மாஜிஸ்திரேட் ஒரு தடவைக்குப் பதினைந்து நாளுக்கு மேல் சிறைக் காவலுக்கு அனுப்பக் கூடாது. பதினைந்து நாள் முடிந்ததும் ஆளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நீதிபதி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னும் இவரை உள்ளே வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது அதுதான். நடைமுறையில் அது ஒரு ரப்பர் ஸ்டாம்பாகிவிட்டது. 'காவல் நீட்டிக்கப்படுகிறது' என்று ஸ்டாம்பு, பக்கத்தில் ஒரு தேதி, கீழே கையெழுத்து. தேதியை நான் எழுதுவேன். ஒரு காலைப் பொழுதில் முப்பது, நாற்பது எழுதியிருக்கிறேன். பல நாள் ஆயுதப்படையிலிருந்து எஸ்கார்ட் கிடைக்கவில்லை என்று ஆள் வராமல் வாரண்ட் மட்டும் வரும். முகம் பார்க்காமலே தேதி போட்டு அனுப்புவோம்.

ஆள் வரும் நாளில் வேனிலிருந்து இறக்கி வராந்தாவில் குத்தவைக்கச் சொல்வார்கள். கண்டபடி கைவிலங்கு மாட்டக் கூடாது என்று 1980-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதால், போலீஸ்காரர் கைதியின் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டு வருவார். பார்ப்பதற்குக் கூட்டாளிகள் இருவர் திருவிழாவுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் அம்மி கொத்துகிறவர். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ" என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போவார்களே, அந்தத் தொழில். இப்போது மிக்ஸியும் கிரைண்டரும் வந்து அந்தக் குரலே இல்லாமல் போய்விட்டது. அப்போதே தொழில் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. அதனால்தான் சொந்த மாவட்டத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும். ஒரு தெருவில் அவர் கொத்திவிட்டுப் போன மறுநாள் ஒரு வீட்டில் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் காணவில்லை. புகார் கொடுத்தார்கள், பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தார்கள். அவர் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லிப் பழைய பாத்திரக் கடை ஒன்றிலிருந்து ஒரு குடத்தைக் கைப்பற்றினார்கள். அவர் எடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. நான் சொல்ல வந்ததே அதுதான்.

கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று எழுதுவோம். யாருக்கு எதிரி என்று அந்த நாற்காலியில் இருந்தவரை நான் யோசித்ததே இல்லை.

வீட்டில் புகுந்து திருடியதாக வழக்கு. ஒரு ஜூனியர் வக்கீல் பரிதாபப்பட்டோ பழகிக்கொள்ளவோ மனுப் போட்டார். இருபத்தேழாம் நாள் ஜாமீன் உத்தரவாயிற்று. தலா ஐயாயிரம் ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன், இருவரும் உள்ளூரில் சொத்துள்ளவராக இருக்க வேண்டும். அதை எழுதிக் கொடுத்தவன் நான்தான். வெளிமாவட்டத்திலிருந்து உளியும் சுத்தியலும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்த ஆளுக்கு இந்த ஊரில் வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள் என்று மாஜிஸ்திரேட்டும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வக்கீல் பிறகு வரவும் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வீட்டு வாடகை இருந்தது.

ஆக, கையில் ஜாமீன் உத்தரவை வைத்துக்கொண்டே அம்மி கொத்துகிறவர் உள்ளே இருந்தார்.

நியாயமாக மாஜிஸ்திரேட்டுகள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓர் எதிரி தலைமறைவாகிவிட்டால் அந்த வழக்கு நகராது. வாரண்ட் பிறப்பித்து, போலீஸ் தேடி, வருடக்கணக்கில் கிடக்கும். ஆய்வுக்கு வரும் ஜட்ஜ் 'இது ஏன் முடியவில்லை' என்றுதான் கேட்பார். ஆள் உள்ளே இருந்தால் அந்தக் கவலை இல்லை. எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம். வெளிப்படையாகச் சொல்வதானால், உள்ளே இருக்கும் ஆள் கோர்ட்டுக்கு வசதி. இந்த வசதியை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஜாமீன்தாரர் எதற்கு? எதிரி ஓடிப்போனால் அவரிடம் பணம் வசூலிக்க. என் சர்வீசில் அப்படி வசூலானதைக் கைவிரலில் எண்ணிவிடலாம். கோர்ட் வாசல் டீக்கடையில் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். தொழில்முறை ஜாமீன்தாரர்கள். காசு கொடுத்தால் யாருக்கும் மாமா, சித்தப்பா ஆவார்கள். ஒருவர் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று ரேஷன் கார்டின் பின்னால் சீல் அடித்து வழக்கு எண்ணை எழுதி விடுவோம். அவர் அடுத்த மாதம் வேறொரு கார்டோடு வருவார். எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காசுள்ள திருடனுக்கு அந்த டீக்கடை இருந்தது. அம்மி கொத்துகிறவருக்கு அதுவும் இல்லை.

நாலாவது வாய்தாவோ ஐந்தாவதோ, வராந்தாவில் நான் போகும்போது கூப்பிட்டார். "சாமி, ஊருக்கு ஒரு கடுதாசி போட்டுடுங்க சாமி. எங்க போனான்னு வீட்டுல தேடிக்கிட்டு இருப்பா." கைதான தகவலை உறவினர் ஒருவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் விதி வகுத்தது அந்த வருடம் டிசம்பரில்தான். அவரைப் பிடித்தது தை மாதம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விலாசத்தை அவர் சொல்லச் சொல்ல, அன்றைய வழக்குப் பட்டியலின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதிக்கொண்டேன். "போட்டுடறேன்பா" என்றேன். நிஜமாகவே போடத்தான் நினைத்தேன். உள்ளே போனதும் மாஜிஸ்திரேட் மணியடித்தார். அந்தச் சீட்டைக் கையிலிருந்த கட்டுக்குள் செருகினேன்.

அவ்வளவுதான். மறந்துவிட்டேன்.

அதன்பின் அவர் என்னிடம் கேட்கவே இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார், என்னைப் பார்த்துக் கும்பிடுவார், போவார். கேட்டிருந்தால் நினைவு வந்திருக்கும். ஏன் கேட்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. நான் கடிதம் போட்டுவிட்டேன், வீட்டார்தான் வரவில்லை என்று நினைத்திருக்கிறார்.

குற்றப்பத்திரிகை வந்தது. சாட்சிகளுக்குச் சம்மன் போயிற்று. குடத்துக்குச் சொந்தக்காரர் ஒருநாள் வந்து, நீதிபதி லீவு என்று திரும்பிப் போனார். புலன் விசாரணை செய்த இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்கு மாற்றலானார். இப்படியே பதினான்கு மாதம். இருபத்தெட்டுத் தடவை நான் தேதி எழுதியிருப்பேன்.

1997 ஏப்ரலில் ஒரு நாள், வழக்கைக் கூப்பிட்டதும் அவராகவே கையைத் தூக்கி, "ஒத்துக்கிறேங்க" என்றார்.

மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லைங்க என்றார். ஒப்புக்கொண்டால் தண்டனை உண்டு, தெரியுமா என்றார். தெரியுமுங்க என்றார். வேனில் வரும்போது யாரோ பழைய ஆள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். 'இல்லை' என்று சொன்னால் அடுத்த வாய்தா, 'ஆமாம்' என்று சொன்னால் வீடு. விசாரணைக் காலத்தில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளலாம் என்று அப்போதைய சட்டத்தின் 428-ஆம் பிரிவு சொன்னது. ஒரு வருடம் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று. அவர் இருந்ததோ பதினான்கு மாதம். கூடுதலாக இருந்த இரண்டு மாதத்தைக் காட்ட எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

அன்று வெளியே போகும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "சாமி, என் உளி?"

உளி, சுத்தியல், அவை இருந்த சாக்குப்பை எல்லாம் வழக்குச் சொத்தாக எங்கள் பொருள் அறையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு கட்டியிருந்தது. மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும், பிறகு மனுப் போட்டு வாங்கிக்கொள் என்றேன். விதி அதுதான். அவர் எவ்வளவு நாள் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, உரிமை கோராத மற்றச் சாமான்களோடு அந்த உளியும் பழைய இரும்பாக ஏலத்தில் போயிற்று. அந்தப் பட்டியலைத் தயாரித்ததும் நான்தான்.

அந்த ஜூன் மாதம், முடிந்த வழக்குகளை ஆவண அறைக்கு அனுப்புவதற்காகக் கட்டுகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அம்மி கொத்துகிறவரின் கட்டிலிருந்து அந்தச் சீட்டு விழுந்தது. என் கையெழுத்து. பதினைந்து மாதப் பழுப்பு.

அன்றைக்கே கார்டு வாங்கி எழுதினேன். இன்ன வழக்கில் சிறையில் இருந்தார், இன்ன தேதியில் விடுதலையாகிவிட்டார், வீடு வந்து சேர்ந்திருப்பார் என நினைக்கிறேன் என்று எழுதினேன். என் பெயரை எழுதவில்லை, கோர்ட் விலாசம் மட்டும் போட்டேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் குண்டு குண்டான எழுத்து. 'அப்பா இன்னும் வரவில்லை. எந்த ஜெயிலில் இருக்கிறார் என்று எழுதவும்.'

விடுதலையான தேதியைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் பதில் வரவில்லை என்று வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மேசைக்குப் பின்னால் ஓர் அலமாரியில் பழைய சட்டச் சஞ்சிகைகள் கிடந்தன. 1978-ஆம் வருடத் தொகுப்பில் மோதிராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்று ஒரு வழக்கு. தூசி தட்டும்போது தற்செயலாகப் படித்தேன். மோதிராம் ஒரு கொத்தனார். சுப்ரீம் கோர்ட் அவருக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் கீழ்க்கோர்ட் மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி வந்தபோது, உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். மறுபடியும் சுப்ரீம் கோர்ட் போக வேண்டியதாயிற்று. ஜஸ்டிஸ் வி.ஆர்.கிருஷ்ணய்யர், ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடு என்றார். பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ ஒரு தமிழரோ மலையாளியோ கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீனுக்கு எங்கே போவார் என்று கேட்டிருந்தார். அங்கே கொத்தனார், இங்கே கல் கொத்துகிறவர். தீர்ப்பு வந்து பதினெட்டு வருடம் கழித்து, அதே அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, 'இருவரும் உள்ளூரில் சொத்துள்ளவராக' என்று நான் எழுதியிருக்கிறேன்.

கிருஷ்ணய்யருக்கு இது புத்தக அறிவு இல்லை. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மலபாரில் வக்கீலாக இருந்தபோது, 1948-ல், கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று ஒரு மாதம் போல உள்ளே வைத்திருந்தார்கள். 1957-ல் கேரளத்தில் மந்திரியானபோது அவர் கவனித்த துறைகளில் சிறையும் ஒன்று. உள்ளே இருந்தவரே அந்தத் துறையைப் பார்த்து, பிறகு நீதிபதியாகி அதைப் பற்றித் தீர்ப்பும் எழுதியது நம் நாட்டில் அபூர்வம்.

மோதிராமுக்கு அடுத்த வருடமே பீகார் விவகாரம் வெடித்தது. எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைவராக இருந்த ருஸ்தம்ஜி, தேசியப் போலீஸ் கமிஷன் உறுப்பினராகப் பீகார் சிறைகளைப் பார்த்துவிட்டு 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். விசாரணை முடியாமல் வருடக்கணக்காகக் கிடந்தவர்களில் சிலர், குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கும் அதிகபட்சத் தண்டனையைவிட அதிக நாள் இருந்திருந்தார்கள். அதைப் படித்த கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. அதைத் தொடர்ந்து நாடெங்கும் சுமார் நாற்பதாயிரம் விசாரணைக் கைதிகள் வெளியே வந்ததாகச் சொல்வார்கள். நான் அப்போது சர்வீசில் சேர்ந்து நாலு வருடம். பேப்பரில் படித்துவிட்டு, 'பீகார்ல அப்படித்தான்' என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

பீகாரில் மட்டும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட 2022-ஆம் வருடக் கணக்குப்படி நாட்டுச் சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம், இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302. தண்டனை பெற்றவர்கள் ஒன்றே முக்கால் லட்சம்கூட இல்லை, 1,33,415 பேர். அதாவது உள்ளே இருக்கும் நாலு பேரில் மூன்று பேரை எந்த நீதிபதியும் குற்றவாளி என்று சொல்லவில்லை. தண்டனை பெற்றவர்களை மட்டும் வைத்திருந்தால் சிறையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அறையைப் பூட்டிவிடலாம். இந்த விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றும் அதே கணக்கு சொல்கிறது. வராந்தாவில் குத்தவைத்திருந்த முகங்களைப் பார்த்தவனுக்கு அந்த எண் ஆச்சரியமில்லை.

2023-ல் மகள் வீட்டுக்குச் சிகாகோ பக்கம் போயிருந்தபோது, செப்டம்பர் 18 அன்று டிவியில் ஒரே பேச்சு. இல்லினாய் மாநிலத்தில் ஜாமீனுக்குப் பணம் கட்டும் முறையை அடியோடு எடுத்துவிட்டார்கள், அமெரிக்காவிலேயே முதல் மாநிலம். அவர்கள் ஊரில் கைதிகள் கிட்டத்தட்ட இருபது லட்சம். நம் ஜனத்தொகையில் கால்வாசி இல்லாத தேசம். நீண்ட தண்டனைகள் போட்டுப் போட்டே அப்படி நிரப்பினார்கள். அந்தக் கணக்கில் நாம் சின்னவர்கள்தான். நாம் தண்டித்து நிரப்பவில்லை, தேதி போட்டு நிரப்புகிறோம். அங்கே ஏழைக்குப் பணம் இல்லாததால் சிறை. இங்கே பணம் கட்டச் சொல்வதுகூட இல்லை, ஆள் வேண்டும், ஆளுக்குச் சொத்து வேண்டும். அதனால்தான் ஏழைக் கைதிகளுக்கு நாற்பதாயிரம் ரூபாய் வரை உதவி என்று மத்திய அரசு 2023-ல் திட்டம் போட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்தப் பணம் வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போடுமா?

அரசியல் பேசாமல் இதை முடிக்க முடியாது. நம் மாநிலத்தில் 1982-ல் வந்த குண்டர் சட்டம் இருக்கிறது. கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்களையும் ரவுடிகளையும் மனதில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பிறகு மணல் கடத்துகிறவர், திருட்டு வீசிடி விற்கிறவர் என்று பட்டியல் நீண்டது. விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வைக்கலாம். எங்கள் கோர்ட்டில் யாருக்காவது ஜாமீன் கிடைக்கப் போகிறது என்று தெரிந்தால், இரண்டு நாளில் குண்டாஸ் உத்தரவு சிறைக்குப் போய்விடும். சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் இதை எடுக்கக் கூடாது என்று 2011-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதற்குப் பிறகும் உத்தரவுகள் குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டு கட்சி ஆட்சியிலும் பார்த்துவிட்டேன். 'இத்தனை பேரை உள்ளே போட்டோம்' என்று சொன்னால் கை தட்டுகிறோம். 'இத்தனை பேரை வெளியே விட்டோம்' என்று சொல்லி யாரும் ஓட்டுக் கேட்டதில்லை. கை தட்டியவர்களில் நானும் உண்டு.

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. அதிகபட்சத் தண்டனையில் பாதி நாள் இருந்துவிட்டால் விடலாம் என்று 2006-ல் 436ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. இப்போதைய புதிய சட்டத்தில் 479-ஆம் பிரிவு, முதல்முறை சிக்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிறது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்குக் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. அப்படி நாள் கடந்தவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். 2023 ஜனவரி 31 அன்று சுப்ரீம் கோர்ட் இன்னொன்று சொன்னது. ஜாமீன் உத்தரவாகி ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறையிலிருந்து சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'எதிரிக்கு இருபத்தேழாம் நாளே ஜாமீன் உத்தரவாகிவிட்டது, ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை, உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று ஒரு வரிக் குறிப்பு எழுதி மாஜிஸ்திரேட் மேசையில் வைக்க எனக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. அவர் நல்ல மனிதர் என்று மேலே சொன்னேன். வைத்திருந்தால் கட்டாயம் பார்த்திருப்பார். 'நம்ம வேலை இல்லை' என்று எனக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. அது அந்த நாற்காலியில் தானாக வந்துவிடுகிறது.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன்.

ஆதார், வீட்டு வரி ரசீது, பென்ஷன் புத்தகம், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் போனேன். கட்டடம் புதிது, வராந்தா பழைய மாதிரிதான். அலுவலகத்தில் ஒரு பெண். என் சின்ன மகள் வயது இருக்கும். நான் நிமிர்ந்து நின்று, "அம்மா, நான் இதே டிபார்ட்மென்ட்டில்..." என்று ஆரம்பித்தேன். காதில் வாங்காமல், "ஒரிஜினல் வரி ரசீது இந்த வருஷத்துது இல்லையே சார். நாளைக்கு வாங்க" என்றது.

எத்தனை பேரிடம் நான் சொன்ன சொல். மறுநாள் போனேன். வராந்தாவில் மூன்று மணிவரை நின்றேன். உட்கார இடம் இல்லை. இஸ்திரிக்காரர் தன் துண்டை விரித்து, "உக்காருங்க சார்" என்றார். கோர்ட் வராந்தாவில் தரையில் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் பெஞ்ச் கிளார்க்கின் முகம் தெரியாது, மேசைக்கு மேல் இருக்கும் கட்டுகள் மட்டும்தான் தெரியும்.

கூப்பிட்டார்கள். எதிரிக்கு நீங்கள் என்ன உறவு என்று நடுவர் கேட்டார். உறவு இல்லை, சின்ன வயதிலிருந்து தெரிந்த பையன் என்றேன். என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உத்தரவு இப்போதெல்லாம் ஈமெயிலில் போகிறது. ஏழரை மணிக்குப் பையன் கிளைச் சிறை வாசலில் நின்றான், பனியனோடு. பிடித்துக்கொண்டு போன அன்று கிழிந்த சட்டை. அவன் அப்பா இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தார்.

அந்த வாரம் எங்கள் துணிக்கு அவர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வீட்டம்மா விடவில்லை, எண்ணிக் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி. ஜாமீன்தாரர் வாய்தாவுக்கு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. போய்வரலாம் என்று இருக்கிறேன். டிபன் பாக்ஸில் என்ன வைக்க என்று வீட்டம்மா இப்போதே கேட்டுவிட்டாள்.